மருத்துவமனைக்கு வழிகாட்டிப் பலகை: வேலை நடந்த வரிசை

பல பிளாக்குகள் உள்ள மருத்துவமனைக்குப் பலகை என்றதும் நிர்வாகம் முதலில் கேட்பது நிறத்தையும் டிசைனையும்தான். அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கட்டட வரைபடத்தின் நகலோடு மெயின் கேட்டிலிருந்து ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்தகம் என்று நோயாளி போகிற வரிசையிலேயே நடந்தோம். வழி பிரியும் இடத்திலெல்லாம் ஒரு புள்ளி. செக்யூரிட்டியிடம் ஆட்கள் நின்று கேட்கிற இடம் கட்டாயம் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் எண், பலகை பார்க்கும் பக்கம், வாசகம், அம்பின் திசை என எல்லாம் ஒரே எக்செல்லில். டெண்டர், அச்சு, மாட்டுவது எல்லாம் அந்தப் பட்டியலை வைத்துத்தான்.

எழுத்தளவுக்குக் கைக்கணக்கு, 7.5 மீட்டர் தூரத்திலிருந்து படிக்க 25 மி.மீ. உயரம். ஆனால் அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு வந்த கணக்கு. தமிழில் விலங்கும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால், அதே பாயிண்டில் (எழுத்துரு அளவில்) எழுத்தின் உடல் சிறுத்துவிடும். ஸ்கேலை 'ப' மேல் வைத்து அளக்க வேண்டும்.

பெரிய தலைவலி அச்சுக் கடையில்தான். யூனிகோடு வாசகத்தை, கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளின் பழைய பதிப்பில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி, 'பரிசோதனை' என்பதில் 'ன'வுக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு அதற்குப் பின்னால் போய் நிற்கும். இன்னொரு டிசைன் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில், இந்திய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளைக் கோக்கும் அமைப்பை) தேர்ந்தெடுக்காவிட்டாலும் இதே கதிதான். அதனால் எழுத்தையெல்லாம் அவுட்லைனாக்கி (வெறும் கோட்டு வடிவமாக மாற்றி) பிடிஎஃப்பாக மட்டும் கொடுத்தோம். ஒரே ஓர் எழுத்துத் திருத்தமானாலும் கடையில் தட்டக்கூடாது, புதுக் கோப்புதான் போக வேண்டும்.

பலகைக்கான ஏ.சி.பி. (அலுமினியக் கூட்டு) ஷீட்டை வெட்டுவதற்கு முன் ஏ3 தாள்களை ஒட்டி, மாட்டப்போகும் உயரத்திலேயே கட்டிப் பார்ப்பது நல்லது. வரைபடத்தில் இல்லாத மின்விசிறியும் கேமராவும் குழாயும் பலகையை மறைப்பது அப்போதுதான் தெரியும். தொங்கும் பலகையின் அடிவிளிம்பை 2.4 மீட்டரில் வைத்தோம். ஸ்ட்ரெச்சரோடு குளுக்கோஸ் ஸ்டாண்டும் இடிக்காமல் போக வேண்டுமே! மேலே ஒட்டும் வினைல் ஸ்டிக்கரில் மேட் ரகமே சரி, பளபளப்பு ரகத்தில் டியூப் லைட் விழுந்து பாதி வரி காணாமல் போகும்.

வார்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வரிக்கு ஒரு பட்டை என்று அலுமினிய ஃப்ரேமில் செருகிவிட்டால் அந்தப் பட்டையை மட்டும் மாற்றலாம். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

திறந்து ஒரு மாதம் கழித்து மறுபடி நடந்து பாருங்கள். நர்ஸ்கள் கையால் எழுதி ஒட்டிய ஏ4 தாள் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் பலகை சரியாக வேலை செய்யவில்லை. அந்தத் தாளில் உள்ள வாசகத்தை அப்படியே பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.