முதலில் இடம், அப்புறம் செடி, கடைசியில் தொட்டி

நர்சரியில் கண்ணுக்குப் பிடித்த செடியை வாங்கி வந்துவிட்டு வீட்டில் அதற்கு இடம் தேடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஹாலில் வைத்த செடிகள் மூன்றே மாதத்தில் மஞ்சளாகிப் போவதற்குப் பாதிக் காரணம் இந்த வரிசைதான். சென்னை மாதிரி ஊரில், ஓர் அடுக்குமாடி வீட்டை மனதில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

வெளிச்சத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. அறை எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கண் பழகிக்கொள்ளும். மதியம் 12 மணி வாக்கில், செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஓர் அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் அரேகா பனை, பீஸ் லில்லி, வண்ண இலை ஆக்லோனிமா எல்லாம் தாராளமாக வரும். விளிம்பு கலங்கிய நிழல் என்றால் மணிபிளான்ட், ஸ்நேக் பிளான்ட், இசட்இசட் (ZZ) செடி. நிழலே இல்லையா? அந்த மூலையில் செடிக்குப் பதிலாக ஒரு விளக்கை வையுங்கள். இசட்இசட் கூட அங்கே உயிரைப் பிடித்துக்கொண்டிருக்குமே தவிர வளராது.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிறார்களே, அதை நம்பி வாங்க வேண்டாம். அந்தப் பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1989 நாசா ஆய்வு மூடிய பெட்டிக்குள் செய்தது. சாதாரண வீட்டில் அந்தப் பலன் கிடைக்க ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்று 2019-இல் வந்த ஒரு மறுஆய்வு கணக்குப் போட்டது. அழகுக்காக வாங்குங்கள், அது போதுமான காரணம்.

அடுத்தது மண். நர்சரிச் செடி பெரும்பாலும் இறுகிய செம்மண் உருண்டையோடு வரும். அதை அப்படியே பீங்கான் தொட்டியில் இறக்கினால் ஊற்றுகிற தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும், நடு உருண்டை காய்ந்தே கிடக்கும். வாங்கி வந்து ஒரு வாரம் விட்டு, உருண்டையின் வெளிப்பக்கத்தை விரலால் உதிர்த்துவிட்டு மாற்றுங்கள். வீட்டுக்குள் வைக்கும் செடிக்குச் செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, பெர்லைட் (மண்ணை இளக்கும் லேசான வெள்ளைத் துகள்) அல்லது ஆற்று மணல் அரைப் பங்கு. 10 அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கோகோபீட் கட்டியில் உப்பு இருக்கும், ஊறவைத்து இரண்டு முறை பிழிந்துவிட்டுத்தான் கலக்க வேண்டும். புதுத் தொட்டி பழையதைவிட 2 அங்குலம் அகலமாக இருந்தால் போதும். ரொம்பப் பெரிதானால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி அழுகல் தொடங்கும்.

ஓட்டை இல்லாத அழகுத் தொட்டியில் அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடியும் என்பது பரவலான நம்பிக்கை. வடியாது. கல்லுக்கு மேலேயே மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேருக்குக் கிடைக்கும் இடமும் குறையும். ஓட்டை உள்ள பிளாஸ்டிக் தொட்டியில் செடியை நட்டு, அதை அழகுத் தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். குளியலறைக்குத் தூக்கிப்போய் நனைத்து, வடியவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம்.

விரலை இரண்டு கணு ஆழம் நுழைத்துப் பார்த்து, ஈரம் இல்லை என்றால் மட்டும் தண்ணீர். ஸ்நேக் பிளான்ட், இசட்இசட் இரண்டுக்கும் மண் முழுக்கக் காய வேண்டும். இலை நுனி பழுப்பானால் உடனே இன்னும் கொஞ்சம் ஊற்றத் தோன்றும். போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் பெரும்பாலும் உப்புதான் காரணம், தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவமே காட்டிக்கொடுத்துவிடும். மாதம் ஒருமுறை மழைநீரையோ ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரையோ அடியில் வழிந்தோடும் வரை ஊற்றிக் கழுவிவிடுங்கள். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரையும் மணிபிளான்ட் பாட்டில் தண்ணீரையும் வாரம் ஒருமுறையாவது கொட்டிவிட வேண்டும். டெங்கு கொசுவுக்கு அந்த அளவு தண்ணீரே போதும்.

பால்கனிக்கு வந்தால் கணக்கு வேறு. மேற்குப் பார்த்த பால்கனியில் ஏப்ரல், மே வெயில் கறுப்புத் தொட்டிக்குள் வேரையே வேகவைத்துவிடும். வெளிர் நிறத் தொட்டியோ மண் தொட்டியோ வாங்குங்கள், 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். காகிதப்பூ, இட்லிப்பூ, அடினியம் (பாலைவன ரோஜா), டேபிள் ரோஸ் வெயிலுக்கு அஞ்சாதவை. காகிதப்பூவுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் இலையாகத் தள்ளும். லேசாக வாடவிட்டு ஊற்றினால்தான் பூக்கும். ஏசி அவுட்டோர் யூனிட்டின் காற்று படும் இடத்தில் எதுவும் தேறாது, அங்கே செடி வைத்து அதை மறைக்கவும் வேண்டாம். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலம், இலையின் அடிப்புறம் நனையும்படி. வெயிலில் அடித்தால் இலை கருகும்.

12 அங்குலத் தொட்டி நனைந்தால் 20 கிலோ வரை வரும். கைப்பிடிச் சுவர் மேல் எதையும் வைக்காதீர்கள். பெரிய தொட்டிகள் வீட்டுச் சுவர் ஓரம் தரையில், நடுத்தரமானவை இரும்பு ஸ்டாண்டில், தொங்கும் மணிபிளான்ட் மேலே என்று மூன்று உயரமாக அடுக்கினால் சின்ன இடமும் நிறைவாகத் தெரியும். தொட்டிகள் ஒரே நிறமாக இருக்கட்டும், ஆளுக்கொரு வண்ணத்தில் நின்றால் கண் தொட்டியிலேயே நின்றுவிடும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அடினியத்தைக் கூரைக்கடியில் நகர்த்திவிடுங்கள். பருத்த அடித்தண்டை வாரம் ஒருமுறை கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால் அன்றைக்கே பிடுங்கி, பழுப்பு மறைந்து வெள்ளைச் சதை தெரியும் வரை சுத்தமான கத்தியால் வெட்டி, ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, மணல் கூடிய கலவையில் நடுங்கள். நட்டு முதல் சில நாட்களுக்குத் தண்ணீர் வேண்டாம்.