பதினைந்தில் ஒரு நர்ஸ்

கான்பெராவில் எனக்கு அது முதல் குளிர்காலம். பாளையங்கோட்டையில் பதினோரு வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு வார்டு வேலை புதிதில்லை. டியூட்டி முடிந்து வெளியே வந்தால் பேச ஆளில்லை, அதுதான் பெரிய பாடு.

பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன ஒரு பெரியவருக்கு இடது கையால் சாப்பிடப் பழக்கிக்கொண்டிருந்தேன். பாதி வாய்க்குப் போனால் பாதி கழுத்துத் துண்டில் சிந்தும். ஒரு நாள் ஸ்பூனை வைத்துவிட்டு, "போர் நினைவகத்துக்குப் போயிருக்கிறாயா? அங்கே கண்ணாடி ஜன்னல்களை வரைந்தவருக்கும் வலது கை கிடையாது" என்றார்.

அந்த ஞாயிறே பஸ் பிடித்துப் போனேன். நடைக்கூடத்தின் இருபுறமும் வெண்கலப் பலகைகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள். பெயர்களின் இடுக்கில் ஜனங்கள் செருகிவைத்த சிவப்பு பாப்பிப் பூக்கள். அதைத் தாண்டினால் நினைவு மண்டபம். மூன்று பக்கமும் உயர்ந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து பேர். கோயில் ஜன்னலில் இயேசுவைப் பார்த்தே வளர்ந்தவள் நான். இங்கே இருந்த பதினைந்து பேரும் முதல் உலகப் போர் உடுப்பில் நின்றார்கள். தோழமை, துணிச்சல், விசுவாசம் என்று ஆளுக்கொரு குணம். பதினைந்தில் ஒருத்திதான் பெண். அவள் ஒரு நர்ஸ்! அவளுக்குக் கொடுத்த குணம் அர்ப்பணிப்பு. கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

வரைந்தவர் நேப்பியர் வாலர். போருக்கு முன்பே ஓவியர், வலது கைப் பழக்கம். 1917-இல் பிரான்ஸில் புல்கூர் சண்டையில் அடிபட்டு, அந்தக் கையைத் தோளோடு எடுத்துவிட்டார்கள். உடம்பு தேறி வரும்போதே இடது கையால் வரையப் பழகியிருக்கிறார். அதே மண்டபத்தில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட சில்லுகளில் உள்ள மொசைக்கும் அவர் வடிவமைத்ததுதான். வேலை முழுசாக முடிய 1959 ஆகிவிட்டது.

எனக்கு மனசெல்லாம் அந்த ஆஸ்பத்திரி நாட்களிலேயே இருந்தது. ஒற்றைக் கையால் கோடு இழுக்கும்போது காகிதம் நழுவுமே, யார் பிடித்துக்கொண்டிருப்பார்கள்?

மறுநாள் காலை பெரியவரிடம் போய்வந்ததைச் சொன்னேன்.

"அந்த நர்ஸைப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

சரி என்று தலையாட்டினார். அப்புறம் நான் நீட்டுவதற்கு முன்னால் தானே ஸ்பூனை எடுத்தார். அன்றைக்கும் பாதி சிந்தியது.