ஒரு ‘ஆர்டர்’, பத்துக்கு மேல் ஜெர்மன் சொற்கள்

ஆங்கிலத்தில் எழுதிய இணையக் கடை மென்பொருளை ஜெர்மனுக்கு மாற்றும்போது பெரிய கலைச்சொற்கள் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. அவற்றுக்கு அகராதியில் பெரும்பாலும் ஒரே விடைதான் இருக்கும். வேலையை இழுத்தடிப்பது ‘ஆர்டர்’ மாதிரியான சின்னச் சொல். ஹோட்டலில் தோசைக்குச் சொல்வதும் ஆர்டர், நீதிமன்றம் போடுவதும் ஆர்டர் என்று நமக்கே பழகிப்போனதால், அதில் சிக்கல் இருப்பதே முதலில் கண்ணில் படாது.

அகராதியைப் பிறகு திறக்கலாம். முதலில் மொழிக்கோப்பில் (திரையில் தோன்றும் சொற்களைத் தொகுத்து வைத்திருக்கும் கோப்பு) ‘ஆர்டர்’ வரும் வரிகளை எல்லாம் ஒரு தாளில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று குறிப்பு: பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா, எந்தத் திரையில் வருகிறது, யார் யாருக்குச் சொல்வது. மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் நிரலாளரிடம் திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிக் கேட்டுவிடுவதே மேல். ஊகித்துப் போட்டதைப் பின்னால் தேடித் திருத்த இரட்டிப்பு நேரம் ஆகும்.

அதிகம் வழுக்குவது மூன்றாவது குறிப்பில்தான். வாடிக்கையாளர் கடைக்கு அனுப்புவது ‘பெஷ்டெல்லுங்’. அதையே கடைக்காரர் ஏற்றுக்கொண்டதும், அவர் பக்கத்தில் அது ‘அவுஃப்ட்ராக்’, அதாவது அவர் செய்து முடிக்க வேண்டிய வேலை. அதனால்தான் வணிக நிறுவனங்கள் ஏற்பைத் தெரிவித்து அனுப்பும் தாளுக்கு ‘அவுஃப்ட்ராக்ஸ்பெஷ்டேட்டிகுங்’ என்று பெயர். வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்தில் பெஷ்டெல்லுங், கிடங்குக்காரர் பார்க்கும் பக்கத்தில் அவுஃப்ட்ராக். ஆர்டர் எண்ணில் இன்னொரு கண்ணி உண்டு: பொருள் பட்டியல்களில் ‘பெஷ்டெல்நும்மர்’ என்றால் பெரும்பாலும் அந்தப் பொருளைக் கேட்டு வாங்குவதற்கான குறியீடு, இந்த வாடிக்கையாளர் இன்று வாங்கியதற்கான எண் அல்ல.

பட்டியலை அடுக்கும் இடத்தில் வரும் ஆர்டர் ‘ரையன்ஃபோல்கெ’. இங்கேதான் கருவிகள் காலை வாரும். மென்பொருளை மொழிபெயர்க்கப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் முறையில் ஒரே ஆங்கிலச் சரம் (திரையில் வரும் சொல் அல்லது தொடர்) கோப்பில் ஒருமுறைதான் இருக்கும். கொள்முதலுக்கும் வரிசைக்கும் நிரலாளர் ஒரே சொல்லை எழுதியிருந்தால் மொழிபெயர்ப்பாளர் கையில் கிடைப்பது ஒரே கட்டம். விளைவு, பட்டியலின் தலைப்பில் ‘கொள்முதல்: ஏறுமுகம்’ என்று ஜெர்மனில் நிற்கும். மொழிபெயர்ப்பாளரால் மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது. நிரலில் ஒவ்வொன்றுக்கும் ‘எம்எஸ்ஜிசிடிஎக்ஸ்டி’ என்ற சூழல் குறிப்பைச் சேர்த்து இரண்டாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். முன்பு மொழிபெயர்த்ததைச் சேமித்து எடுத்துத் தரும் மொழிபெயர்ப்பு நினைவகம் ‘நூறு சதவீதப் பொருத்தம்’ என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். அது எழுத்தைத்தான் ஒப்பிடுகிறது, பொருளை அல்ல.

துண்டு துண்டாக ஒட்டும் சரங்களும் ஆகாது. ‘புதிய’ தனியாக, ‘ஆர்டர்’ தனியாக இருந்தால் ஜெர்மன் இலக்கணம் உடைந்துவிடும். பெஷ்டெல்லுங் பெண்பால், ஆகவே ‘நொய்யெ பெஷ்டெல்லுங்’. அவுஃப்ட்ராக் ஆண்பால், ஆகவே ‘நொய்யர் அவுஃப்ட்ராக்’. முழுத் தொடரையும் ஒரே சரமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி, வாங்கும் கடைசிப் பொத்தான். இதில் மொழி நயத்துக்கு இடமில்லை, சட்டம்தான் பேசும். இன்று ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 312ஜே பிரிவில் உள்ள விதிப்படி, 2012 ஆகஸ்ட் 1 முதல் நுகர்வோருக்கான கடைகளில் அந்தப் பொத்தான் ‘ட்சாலுங்ஸ்ப்ஃலிஹ்டிஹ் பெஷ்டெல்லன்’ (பணம் தரும் பொறுப்போடு கொள்முதல் செய்) என்றோ, அதே அளவு தெளிவான வேறு சொற்களாலோ இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தமே உருவாகாது. வெறும் ‘பெஷ்டெல்லன்’ (கொள்முதல் செய்) அகராதிப்படி சரி, ஆனால் கடைக்காரருக்கு ஆபத்து. பொத்தானுக்கு மேலே விளக்கம் எழுதிச் சமாளிக்கலாமே என்றால் அதுவும் நடக்காது. பொத்தானில் உள்ள சொற்களை மட்டும் வைத்தே பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சொல்லிவிட்டது. பலரும் போடும் ‘யெட்ஸ்ட் கவுஃபன்’ (இப்போது வாங்கு) சுருக்கமானது, செல்லுபடியாவதும்கூட.

மற்றவை அவ்வளவு குழப்பாது. பழுதான இயந்திரத்தில் தொங்கும் ‘அவுட் ஆஃப் ஆர்டர்’ அட்டைக்கு ‘அவுஸர் பெட்ரீப்’. படைத்துறை ஆணை ‘பெஃபேல்’. விருதுப் பதக்கம் ‘ஓர்டன்’. கணிதத்தில் ‘செகண்ட் ஆர்டர்’ எனும் இரண்டாம் வரிசை, உயிரியல் வகைப்பாட்டில் வரிசை, இரண்டுக்கும் ‘ஓர்ட்னுங்’. நீதிமன்ற உத்தரவை மட்டும் அவசரமாகத் தொடக் கூடாது. ‘பெஷ்லுஸ்’, ‘ஃபெர்ஃபூகுங்’, ‘அன்ஓர்ட்னுங்’ ஆகியவை சட்டத்தில் வெவ்வேறு. வேடிக்கை என்னவென்றால், பங்குச்சந்தை மென்பொருளில் ஒன்றையும் மாற்ற வேண்டாம். அங்கே ஜெர்மானியர்களும் ‘ஓர்டர்’ என்றே சொல்கிறார்கள்.

சரிபார்க்க டூடன் அகராதியும், உண்மையான வாக்கியங்களோடு காட்டும் டிடபிள்யூடிஎஸ் தளமும் போதும். கடைசியில் எல்லாவற்றையும் திரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் 5 எழுத்தாக இருந்த பொத்தான் சொல் சட்டத்தின் சொற்களில் இடைவெளியோடு 27 எழுத்தாகிவிடும். கைபேசித் திரையில் அது பாதியில் வெட்டுப்பட்டு ‘ட்சாலுங்ஸ்…’ என்று நின்றால், சட்டம் கேட்ட தெளிவும் அங்கேயே போய்விடும்.