கட்டி கரையும் முன்பே வைக்க வேண்டிய கிளிப்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷனுக்கு முன் கீமோ கொடுக்கும் வார்டில், மூன்றாம் சுற்று தாண்டினால் தவறாமல் வரும் கேள்வி: "கட்டிதான் கரைஞ்சிடுச்சே சிஸ்டர், இனி ஆபரேஷன் எதுக்கு?" கைக்குத் தட்டுப்படாததும் உள்ளே ஒன்றும் இல்லாததும் ஒன்றல்ல. ஸ்கேனில் தெரியாத இடத்திலும் நோய்ச் செல்கள் மிச்சமிருக்கலாம். அந்த இடத்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அந்த இடம் எது என்பதில்தான் சிக்கல். முதல் கீமோவுக்கு முன்பே, அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி கட்டிக்குள் அடையாளத்துக்கு எள்ளளவு உலோகக் கிளிப் ஒன்றை வைத்துவிட வேண்டும். அக்குள் நிணநீர் முடிச்சில் நோய் உறுதியானால் அதற்கும் ஒன்று. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். "கட்டி பெரிசாத்தானே இருக்கு, அப்புறம் வச்சுக்கலாம்" என்று தள்ளிப்போட்டால், சில மாதங்களில் வெட்ட வேண்டிய இடமே தெரியாமல் போகும். மார்பகத்தைக் காப்பாற்றத் தொடங்கிய சிகிச்சை, முழு மார்பகத்தையும் எடுப்பதில் போய் முடியும். கட்டியிலிருந்து ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் கோர் பயாப்ஸியும் அப்படித்தான். ஹார்மோன் ஏற்பிகளான ஈஆர், பிஆர், ஹெர்-2 என்ற புரதம் மூன்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். கட்டி முழுசாகக் கரைந்தபின் சோதிக்கத் திசு ஏது?

வழக்கமான ஒரு முறை: டாக்ஸோரூபிசின், உடல் பரப்பளவில் சதுர மீட்டருக்கு 60 மி.கி., கூடவே சைக்ளோபாஸ்பமைடு 600 மி.கி., 21 நாளுக்கு ஒருமுறை 4 சுற்று. அடுத்து வாரம் ஒருமுறை பாக்ளிடாக்சல், அதே சதுர மீட்டர் கணக்கில் 80 மி.கி., 12 வாரம். டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பதம் பார்க்கும் என்பதால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்காமல் தொடங்குவதில்லை.

வார்டில் பயப்பட வேண்டியதும் சிவப்பு நிறத்தில் இருக்கும் அந்த டாக்ஸோரூபிசினுக்குத்தான். ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் தோலும் சதையும் அழுகிப்போகும். மருந்து ஏற்றும் குழாயான கேனுலாவை முழங்கை மடிப்பில் போடாமல் முன்கையில் போட்டு, சலைன் ஓடும்போதே மெதுவாகச் செலுத்தி, சில மில்லிக்கு ஒருமுறை ரத்தம் திரும்பி வருகிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். எரிகிறது என்றால் உடனே நிறுத்த வேண்டும். பதற்றத்தில் கேனுலாவைப் பிடுங்கக் கூடாது; அதன் வழியாகவே சிரிஞ்சால் முடிந்தவரை உறிஞ்சி எடுத்த பிறகே கழற்றி, அழுத்தாமல் ஐஸ் ஒத்தடம். மாற்று மருந்தான டெக்ஸ்ராசாக்சேனை 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் எரிச்சலைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார்கள். அதனால் "வலிக்குதாம்மா?" என்று நாம்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொல்ல வேண்டியது காய்ச்சலைப் பற்றி. கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள், தொற்றை எதிர்க்கும் ரத்த வெள்ளணு குறையும். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். அளந்து பார்க்காமல் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருப்பதுதான் உயிருக்கு உலை வைக்கிறது.

ஆபரேஷன் பெரும்பாலும் கடைசி கீமோ முடிந்து 3 முதல் 6 வாரத்தில். எடுத்த திசுவை அங்கேயே எக்ஸ்ரே பிடித்து, கிளிப் அதற்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோய்க்குறியியல் படிவத்தில் "கீமோவுக்குப் பின்" என்பதையும், கட்டி முதலில் இருந்த அளவையும், கிளிப் எத்தனை என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் வெறும் தழும்பாகத் தெரியும் இடத்தில் போதுமான துண்டுகள் எடுக்காமல் விட்டுவிட வாய்ப்புண்டு. மிச்ச நோய் இருக்கிறதா என்பதை வைத்துத்தான், ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் ட்ராஸ்டுசுமாப் எம்டான்சின் மருந்துக்கு மாறுவதா, ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றுமே நெகட்டிவ் என்றால் கேபெசிடபின் மாத்திரை சேர்ப்பதா என்று முடிவாகிறது.