சேர்வதற்கு முன்னால் ஒரு கேள்வி

சென்னையில் அமெரிக்க மெடிக்கல் பில்லிங் வேலை பார்க்கிற ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருத்தி. இந்தத் தொழிலில் சிலருக்கு இதய மருத்துவம் வாய்க்கும், சிலருக்கு எலும்பு மருத்துவம், சிலருக்கு லேப். எனக்கு வாய்த்தது மனநலமும் போதை மீட்பும். டெக்சஸில் உள்ள சில சிகிச்சை மையங்களுக்காக வேலை பார்க்கிறோம். நோயாளி சேர்வதற்கு முன்னால் எலிஜிபிலிட்டி, அதாவது அவருக்குக் காப்பீடு இருக்கிறதா என்று, பார்க்க வேண்டும், ‘ஆத்’ என்கிற முன் அனுமதி வாங்க வேண்டும், பிறகு பணம் வராத கிளெய்ம்களை, அதாவது பணம் கேட்டு அனுப்பிய பில்களை, துரத்த வேண்டும். சாயங்காலம் லாகின், விடிகிற நேரத்தில் கேப். நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் எங்கள் ஷிஃப்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.

இந்த வேலையில் என் மனதில் அதிகம் தங்கியவர்கள் முன்னாள் படைவீரர்கள். போதை சிகிச்சைக்குப் பணம் கட்ட, மற்ற அமெரிக்கர்களைவிட அவர்களுக்கு வழிகள் கூடுதல். ஆனால் அவற்றில் பலவும் மையத்தில் சேர்வதற்கு முன்னால் கேட்டால்தான் கிடைக்கும். சேர்ந்து ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பில் அவர் பெயருக்கே வந்து நிற்கும். இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தவள் என்பதால்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. போதை சிகிச்சைப் பதிவுகளின் ரகசியத்தைக் காக்க அங்கே தனிச் சட்டமே இருக்கிறது.

புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் முதலில் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

“அக்கா, நோட்ஸ்ல வெட்டரன்னு போட்டிருக்கு. ட்ரைகேர்ல தேடினா மெம்பரே இல்லைன்னு வருது. பேர் தப்பா இருக்குமோ?”

“பேர் சரியாத்தான் இருக்கும். எத்தனை வருஷம் சர்வீஸ்னு பாரும்மா.”

“நாலு வருஷம். ஈராக் போயிருக்காரு.”

விஷயம் அங்கேதான் இருக்கிறது. ட்ரைகேர் என்பது பணியில் இருப்பவர்களுக்கும், 20 வருடம் முடித்தோ உடல்நலக் காரணத்தாலோ ஓய்வு பெற்றவர்களுக்கும், அவர்கள் குடும்பத்துக்குமான காப்பீடு. நாலு வருட ஒப்பந்தம் முடித்து வீடு திரும்பியவர் போருக்கே போய் வந்திருந்தாலும் ட்ரைகேருக்குள் வரமாட்டார். நம் ஊரில் முன்னாள் படைவீரர்களுக்கான ஈசிஹெச்எஸ் மருத்துவ அட்டைக்கு ஓய்வூதியம் வாங்குபவராக இருக்க வேண்டும் என்கிறார்களே, கிட்டத்தட்ட அப்படி. முன்னாள் வீரர்களில் பெரும்பாலானோர் இந்த நாலு வருடக்காரர்கள் போன்றவர்கள்தான். அவர்களுக்கு இருப்பது விஏ.

வெட்டரன்ஸ் அஃபேர்ஸ் என்ற இந்த முன்னாள் படைவீரர் நலத் துறையைப் பலரும் இன்சூரன்ஸ் கம்பெனி என்றே நினைக்கிறார்கள். சிகிச்சை மையங்களில் சேர்க்கை பார்ப்பவர்களில்கூடப் பலர் அப்படித்தான். அது தானே மருத்துவமனைகளை நடத்துகிற அரசுத் துறை. நாடு முழுக்கச் சுமார் 170 மருத்துவமனைகள், அதுபோக ஆயிரத்துக்கு மேல் வெளிநோயாளர் மையங்கள். வீரர் கையில் இருக்கும் விஏ அட்டையைத் தனியார் மையத்தில் நீட்டினால் அது அவர் யார் என்று மட்டும்தான் சொல்லும், பணம் தராது. ஆனால் 10-10ஈஇசட் என்ற விண்ணப்பத்தைக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டவருக்குப் போதை சிகிச்சை முழுவதும் விஏ-விலேயே உண்டு. குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்தையும் வலிப்பையும் சமாளிக்கும் டீடாக்ஸ், பியூப்ரினார்ஃபின், மெத்தடோன், நால்ட்ரெக்ஸோன் மாதிரியான மருந்துகள், கவுன்சலிங், தங்கிச் சிகிச்சை பெறும் வார்டுகள் எல்லாம் இருக்கின்றன. ராணுவப் பணியால் வந்த பாதிப்பு 10 சதவீதமாவது உண்டு என்று விஏ மதிப்பிட்டிருந்தால், வெளிநோயாளர் சிகிச்சைக்கும் உள்நோயாளர் சிகிச்சைக்கும் கோபே, அதாவது நோயாளி தன் கையிலிருந்து கட்டும் பங்கு, கிடையாது. மதிப்பீடே இல்லாதவருக்கும் வருமானம் வரம்பைத் தாண்டினால்தான் கோபே, அதுவும் வெளிநோயாளராக ஒரு தடவை போய்வர, சாதாரணச் சிகிச்சைக்கு 15 டாலர், சிறப்புச் சிகிச்சைக்கு 50 டாலர்தான். தனியார் மையத்தில் ஒரு மாதம் தங்கக் கேட்கிற தொகைக்கு ஒரு கார் வாங்கிவிடலாம்.

பிறகு ஏன் தனியாரிடம் வருகிறார்கள் என்றால், காத்திருக்க முடியாமல்தான். தங்கிச் சிகிச்சைக்கு விஏ-வில் இடம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும் ஊர்கள் உண்டு. “விட்டுடறேன், எங்கேயாவது சேர்த்து விடுங்க” என்று ஒருவர் வாயைத் திறந்து சொல்லும் நாள் எப்போதோ ஒரு முறைதான் வருகிறது. அந்த நாளில் வீட்டார் கையில் கிடைக்கிற போன் நம்பருக்கெல்லாம் அடிப்பார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அந்த அவசரத்திலும் விஏ-வைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஏனென்றால் வெளி மையத்துக்கும் விஏ பணம் தரும். 2018-இல் வந்த மிஷன் சட்டத்தின்படி, 2019 ஜூன் 6 முதல் கம்யூனிட்டி கேர் ஏற்பாடு நடப்பில் இருக்கிறது. மனநல வெளிநோயாளர் சிகிச்சைக்கு 30 நிமிடத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டியிருந்தாலோ, 20 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தாலோ வெளியே பார்த்துக்கொள்ளலாம். தங்கிச் சிகிச்சைக்கு விதிமுறை சொல்லும் நாளுக்குள் இடம் தர முடியவில்லை என்றால் வேறு ஏற்பாட்டை விஏ முன்வைக்க வேண்டும், வெளி மையம் உட்பட. ஒரே நிபந்தனை, விஏ-வே அனுப்பியிருக்க வேண்டும். அந்த ரெஃபரல் எண், மையங்கள் பணம் கேட்டு அனுப்பும் யூபி-04 படிவத்தில் 63ஆம் கட்டத்தில் ஏறும். டெக்சஸ் கிளெய்ம் என்றால் விஏ-வுக்காக இதைக் கவனிக்கும் ட்ரைவெஸ்ட் கம்பெனிக்குப் போகும், சிகிச்சை நடந்த 180 நாளுக்குள்.

ஒரு கிளெய்ம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ரெவின்யூ கோடு 1002, தங்கிச் சிகிச்சை, ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. முதல் டயக்னோசிஸ் எஃப்10.20, குடிக்கு அடிமை. இரண்டாவது எஃப்43.12, நாள்பட்ட பிடிஎஸ்டி, அதாவது போர் மாதிரியான பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய். 63ஆம் கட்டம் காலி. அவர் விஏ-வில் பதிவு செய்தவர், மதிப்பீடும் உள்ளவர். முறையாகப் போயிருந்தால் ஒரு டாலர் செலவில்லாமல் சிகிச்சை பெற்றிருக்கக்கூடியவர். ‘விஏ பார்த்துக்கும்’ என்று சொல்லித்தான் அந்த மையம் அவரைச் சேர்த்திருக்கிறது. மருத்துவக் குறிப்புகள், நர்ஸ் எழுதிய ஷிஃப்ட் நோட்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து அப்பீல் எழுதினேன். முன் அனுமதி இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. கடைசியில் மாதத் தவணையாக அவர் தலையிலேயே விழுந்தது. குடியை விட்டுவிட்டு வீடு திரும்பிய மனிதருக்கு வரும் முதல் தபால் இதுவா என்று எனக்கு அன்று மனசே ஆறவில்லை.

முன் அனுமதி தேவைப்படாத இடமும் ஒன்று இருக்கிறது, அவசர சிகிச்சை. பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம். அப்போது அருகில் உள்ள எந்த எமர்ஜென்சிக்கும் போகலாம். 72 மணி நேரத்துக்குள் அந்த மருத்துவமனை விஏ-வுக்குத் தகவல் தர வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

அதைவிடப் பெரியது காம்பாக்ட் சட்டம். 2023 ஜனவரி 17 முதல், தற்கொலை எண்ணத்தோடு நெருக்கடியில் இருக்கும் வீரருக்கு 30 நாள் வரை உள்நோயாளர் சிகிச்சையும் 90 நாள் வரை வெளிநோயாளர் சிகிச்சையும் இலவசம். விஏ மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் சரி, விஏ-வில் பதிவே செய்யாதவரானாலும் சரி. குடியும் உயிரை விடும் எண்ணமும் எத்தனை தடவை ஒன்றாக வருகின்றன என்பது இந்த நோட்ஸ்களைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு இரவு டெக்சஸ் மையத்திலிருந்து டீம்ஸில் கேட்டார்கள்: இன்சூரன்ஸ் எதுவும் இல்லை, தனிப் பணமாக வாங்கிக்கொள்ளலாமா? சேர்க்கைக் குறிப்பின் மூன்றாவது வரியில் ‘வாழ விருப்பமில்லை என்கிறார்’ என்று இருந்தது. இரண்டு வரி தள்ளி ‘மரைன், 5 வருடம்’. பணம் வாங்க வேண்டாம், முதலில் எமர்ஜென்சிக்கு அனுப்புங்கள், காம்பாக்ட் என்று சொல்லி விஏ-வுக்குத் தகவல் தரச் சொல்லுங்கள் என்று எழுதினேன். அந்த மனிதர் அன்றிரவே மருத்துவமனையில் சேர்ந்தார், பிறகு அங்கிருந்தே விஏ வார்டுக்கு மாற்றினார்கள். அமெரிக்காவில் இருக்கிற நம்மவர்கள் யாராவது இதைப் படித்தால், 988 அடித்து 1 அழுத்தினால் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி கிடைக்கும் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லி வையுங்கள்.

அந்த எஃப்43.12 என்ற பிடிஎஸ்டி வரிக்கும் பணத்துக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரிவதில்லை. குடியாலோ போதையாலோ மட்டும் வந்த பாதிப்புக்கு விஏ மாத உதவித்தொகை தருவதை 1990-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறுத்திவிட்டது. ஆனால் 2001-இல் ஆலன் எதிர் பிரின்சிபி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு வழியைத் திறந்தது. ராணுவப் பணியால் வந்த நோயின் விளைவாகக் குடி தொற்றியிருந்தால் அதையும் சேர்த்து மதிப்பிடலாம் என்றது. தூக்கம் வராமல், கண்ணை மூடினால் வெடிச்சத்தம் கேட்டு, அதை அமுக்கக் குடித்தவரின் கதை இது. எது முதலில் வந்தது என்பதை டாக்டரின் குறிப்பு தெளிவாகச் சொல்ல வேண்டும். 10 சதவீதமாவது மதிப்பீடு கிடைத்தால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு, அது 50 சதவீதத்தைத் தொட்டால் மருந்துக்கும் கோபே இல்லை. பணி தொடர்பானது என்று ஏற்கப்பட்ட நோய்க்காக, விஏ-விலோ அது ஒப்புதல் தந்த மருத்துவமனையிலோ 21 நாளுக்கு மேல் சேர்ந்து சிகிச்சை பெற்றால், அந்தக் காலத்துக்கு மதிப்பீட்டைத் தற்காலிகமாக 100 சதவீதமாக உயர்த்தவும் கேட்கலாம். வேலையை விட்டுவிட்டு வார்டில் படுத்திருக்கும் ஆளின் வீட்டு வாடகையை யார் கட்டுவது என்ற கேள்விக்கு இதுதான் பதில். வாடகைக்குப் பயந்தே பாதியில் டிஸ்சார்ஜ் கேட்டுப் போனவர்களின் சார்ட்டுகளை நான் மூடியிருக்கிறேன்.

எனக்கு ஆற்றாமை அதிகம் வருவது டிடி-214-இன் 24ஆம் கட்டத்தைப் பார்க்கும்போது. பணியிலிருந்து விடுவிக்கும்போது தரும் தாள் அது. எந்த விதத்தில் வெளியே அனுப்பப்பட்டார் என்பது அந்தக் கட்டத்தில் இருக்கும். ‘அதர் தேன் ஆனரபிள்’, அதாவது கௌரவமான விடுவிப்பு அல்ல, என்று இருந்தால் விஏ-வின் வழக்கமான பலன்கள் கைக்கு எட்டாமல் போகலாம். அப்படி அனுப்பப்பட்டவர்களில் சிறுநீர்ப் பரிசோதனையில் போதை தெரிந்ததால் போனவர்களும் உண்டு. எந்த நோய்க்காக அவரை வெளியே தள்ளினார்களோ, அந்த நோய்க்கான சிகிச்சையும் அதனாலேயே அடைபடுவது நியாயமே இல்லை. 2018-இல் இதைக் கொஞ்சம் சரிசெய்தார்கள். 100 நாளுக்கு மேல் பணியாற்றிப் போர்முனையில் இருந்தவர்களுக்கும், பணியில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும், இந்தத் தாளோடும் விஏ-வில் மனநல சிகிச்சை உண்டு. மற்றவர்கள் விஏ-விடமே தனி விசாரணை கேட்கலாம், டிடி-293 படிவம் போட்டு 15 வருடத்துக்குள் அந்த விடுவிப்பு வகையையே திருத்தச் சொல்லலாம். ‘எனக்கெல்லாம் தரமாட்டாங்க’ என்று இவர்களில் பலர் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள்.

விஏ எந்த வகையிலும் சரிவராதபோது அடுத்தது மெடிக்கெய்ட், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு. வறுமைக்கோட்டு வருமானத்தின் 138 சதவீதம் வரை உள்ள எல்லாப் பெரியவர்களுக்கும் என்று 2014 முதல் விரிவாக்கினார்கள், மாநிலம் ஒப்புக்கொண்டால். டெக்சஸ் ஒப்புக்கொள்ளவில்லை. அதன் நாலு பக்கத்து மாநிலங்களான நியூ மெக்சிகோ, ஓக்லஹோமா, ஆர்கன்சாஸ், லூசியானா எல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டன. எல்லைக்கு இந்தப் பக்கம் வீடு இருப்பதால் மட்டும் காப்பீடு இல்லாமல் இருப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். மனைவி வேலை பார்க்கும் கம்பெனியின் பிளான் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பெரிய கம்பெனி பிளான்கள் போதை சிகிச்சைக்குப் பணம் தருவதாக இருந்தால் உடல் நோய்க்குத் தருவதைவிடக் கடுமையான கட்டுப்பாடு வைக்கக்கூடாது என்று 2008-இல் சட்டமே வந்துவிட்டது. நம் நாட்டுத் தனியார் பாலிசிகளில் குடி, போதைக்கான சிகிச்சை விலக்குப் பட்டியலில் பெரும்பாலும் இருக்கிறதே என்று அந்த மாதிரி நேரத்தில் தோன்றும்.

ட்ரைகேர் உள்ளவர்களுக்கு வேலை எளிது. வாழ்நாளில் இத்தனை தடவைதான் போதை சிகிச்சை என்று முன்பு இருந்த வரம்பை 2016-இல் எடுத்துவிட்டார்கள். மையம் ட்ரைகேர் ஏற்ற மையமா என்று பார்க்க வேண்டும், ஆத் வாங்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் டெக்சஸ் ட்ரைகேரின் மேற்கு மண்டலத்துக்கு மாறியிருப்பதால் பழைய நம்பருக்கு அடித்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

எங்கள் டீமின் சேர்க்கைத் தாளில் இப்போது இன்சூரன்ஸ் கார்டைக் கேட்கும் வரிக்கு மேலேயே ‘நீங்களோ உங்கள் துணையோ ராணுவத்தில் இருந்ததுண்டா?’ என்ற வரி இருக்கிறது. நான் கேட்டு வாங்கிச் சேர்த்த வரி அது. ஆமாம் என்றால் அடுத்தது விஏ பதிவு, பிறகு டிடி-214. தாள் தொலைந்திருந்தால் செயின்ட் லூயிஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் பிரதி வாங்கலாம், முன்னாள் வீரருக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. விண்ணப்பம் போட்டுத் தருகிறேன் என்று காசு கேட்பவர்களிடம் போகவே வேண்டாம். டெக்சஸில் 2 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள ஒவ்வொரு கவுண்டியிலும் வெட்டரன்ஸ் சர்வீஸ் ஆபீஸ் இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே இந்தப் படிவங்களை எல்லாம் காசு வாங்காமல் உட்கார்ந்து நிரப்பித் தருவார்கள்.