மர ஜன்னலுக்கு நாமே பெயின்ட் அடிப்பது

பழைய மர ஜன்னலில் பெயின்ட் முதலில் எங்கே உரிகிறது என்று பாருங்கள். நிலையின் அடிக்கட்டையிலும் கதவின் கீழ்ச்சட்டத்திலும்தான். வழிந்து வரும் மழைத்தண்ணீர் அங்கே நிற்கும். கதவின் அடி விளிம்போ கண்ணில் படாததால் பிரஷ் படாமலே கிடக்கும். அந்த வெறும் மரம் ஈரத்தை உறிஞ்ச, பெயின்ட் உள்ளிருந்தே கொப்பளித்துக் கிளம்பும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் பயனில்லை. ஆகவே கதவைக் கீலிலிருந்து கழற்றி, அடி விளிம்புக்குத்தான் முதல் பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு). கழற்ற முடியாவிட்டால் கீழே ஒரு கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபடி அடிக்கலாம்.

காலம் தை, மாசி. மழை முடிந்து மரம் நன்றாகக் காய்ந்திருக்கும். ஐப்பசியில் கதவு ஊதி இறுகுகிறதே என்று அப்போதே இழைத்துவிட்டால், சித்திரையில் இடைவெளி விழுந்து காற்றில் தடதடக்கும்.

பழைய பெயின்ட் உறுதியாக இருந்தால் முழுக்கச் சுரண்ட வேண்டாம். 120 நம்பர் உப்புத்தாளில் பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும். உரிந்த இடங்களில் மட்டும் சுரண்டி, 80, 120, 180 என்று சொரசொரப்பான தாளிலிருந்து மென்மையான தாளுக்கு வாருங்கள். ஒரு எச்சரிக்கை: வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1 முதல்தான். அதற்கு முந்தைய பெயின்டாக இருக்கலாம் என்றால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். வாட்டர் எமரித் தாளை நனைத்துத் தேய்த்து, சேற்றை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது. பிறகு மரம் ஓரிரு நாள் வெயிலில் காயட்டும்.

அடுத்து வுட் பிரைமர், அதன் பிறகே குழிகளை நிரப்பும் பட்டி. பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். வெறும் மரம் பட்டியிலுள்ள எண்ணெயை இழுத்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் பட்டி தூளாகி உதிரும். சுவருக்கு வாங்கிய சிமென்ட் பட்டி மிச்சம் இருக்கிறதே என்று மரத்தில் பூசாதீர்கள். மரம் ஊதிச் சுருங்குவதற்கு அது ஈடுகொடுக்காது. பட்டி காய்ந்ததும் 180-ல் தேய்த்து, அந்த இடங்களில் மட்டும் மறுபடி பிரைமர் தொட்டு வையுங்கள். இல்லையென்றால் எனாமல் அங்கே மட்டும் மங்கலாகத் தெரியும்.

நாலடிக்கு நாலடி கண்ணாடி ஜன்னலுக்கு, இரு பக்கமும் இரண்டு கோட் அடிக்க அரை லிட்டர் எனாமல் ஏறக்குறைய சரியாக இருக்கும். கம்பிகளுக்குத் தனி. டப்பாவைக் குலுக்காமல் அடிவரை குச்சி விட்டுக் கலக்குங்கள். குலுக்கினால் குமிழி வரும். இளக்க டர்பன்டைன் மட்டும், அதுவும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். என்.சி. தின்னர் (லாக்கர் பூச்சுக்கான தின்னர்) ஊற்றினால் அடியிலிருக்கும் பழைய பெயின்ட் வெந்ததுபோலச் சுருங்கி எழும்பும். அதைச் சரிசெய்ய மறுபடி சுரண்டலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பிரஷ் ஒன்றரை அங்குலம். கண்ணாடியை ஒட்டிய பகுதி முதலில், பிறகு குறுக்குச்சட்டம், நெடுஞ்சட்டம், கடைசியில் நிலை. கண்ணாடி மேல் 2 மில்லிமீட்டர் பெயின்ட் ஏறி நிற்கட்டும். பீடிங் (கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய பட்டை) இடுக்கில் தண்ணீர் இறங்காமல் அதுதான் தடுக்கும். கண்ணாடியில் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால், அதை பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே உரித்துவிடுங்கள். நேர்வெயில் விழும் பக்கத்தில் அடிக்காதீர்கள்: மேல்தோல் சட்டென்று காய்ந்து பிரஷ் கோடு நின்றுவிடும். இரண்டு கோட்டுக்கும் இடையில் ஓர் இரவாவது விட்டு, 320-ல் லேசாகத் தேய்க்க வேண்டும்.

கதவு நிலையோடு ஒட்டிக்கொள்ளும் தொல்லை, மூடும் விளிம்பில் தடிப்பாக அடிப்பதால் வருவது. அங்கே மெல்லிய கோட்தான். காலையில் தொடங்கினால் சாயங்காலம் பட்டும் படாமல் சாத்திவைக்கலாம். தாழ்ப்பாள் போட வேண்டாம். ஒரு வாரம் கழித்து விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் வழுக்கிக்கொண்டு மூடும்.

கம்பி துருப்பிடித்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிய அன்றே ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்துவிடுங்கள். கடலோர ஊர்களில் ஒரே இரவில் மறுபடி துரு பூக்கும். கம்பி நிலைக்குள் நுழையும் ஓட்டையைச் சுற்றிலும் விடாமல் அடிக்க வேண்டும். துரு தொடங்குவது அங்கேதான்.