டிரம் அடிக்காத பாட்டு

டிசம்பர் பிறந்தால் அப்பா மாடியில் ஸ்டார் கட்டிவிடுவார். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவின் முதல் ஸ்டார் எங்களுடையதாகத்தான் இருக்கும். அவர் இறந்த 2019-இல் நாங்கள் கட்டவில்லை. எங்கள் பக்கம் துட்டி வீட்டில் அந்த வருடம் பண்டிகை கிடையாது. புதுத்துணி இல்லை, முறுக்குச் சட்டி அடுப்பில் ஏறாது. பலகாரமெல்லாம் பக்கத்து வீடுகளில் இருந்துதான் வரும்.

வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டு பாடி கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்களும் எங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இரவு ஒரு மணி இருக்கும். தெருமுனையில் 'ராக்காலம் பெத்லேம் மேய்ப்பர்கள்' டிரம்மோடு கேட்டது. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுபோனது. கதவைத் திறந்தால் வாசலில் பதினைந்து பேர். அவர்களில் மூத்தவர் எனக்குச் சித்தப்பா முறை.

“தம்பி, டிரம் அடிக்கல. ஒரே ஒரு பாட்டு பாடி, ஜெபம் பண்ணிட்டுப் போயிருதோம். அம்மாவைக் கூப்பிடு.”

'ஒப்பில்லா திரு இரா' பாடினார்கள். ஆங்கிலத்தில் 'சைலன்ட் நைட்' என்று பாடுகிற ஜெர்மன் பாட்டின் தமிழ் வடிவம்.

இந்தப் பாட்டுக்கு சண்டே ஸ்கூலில் ஒரு எலிக்கதை சொல்வார்கள். ஆர்கனை எலி கடித்துவிட்டதாம், அதனால்தான் கித்தாரோடு பாடினார்களாம். மெட்டமைத்த ஃபிரான்ஸ் கிரூபர் 1854-இல் பாட்டு பிறந்த விதத்தைத் தன் கைப்பட எழுதி வைத்தார். அதில் எலி இல்லை. நடந்ததே எனக்குப் போதுமான அழகாக இருக்கிறது. யோசப் மோர் என்ற இளம் பாதிரியார் 1816-இல் எழுதிய கவிதை அது. 1818 டிசம்பர் 24 அன்று, ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊரில், அதைப் பள்ளிக்கூட வாத்தியாரான கிரூபரிடம் கொடுத்து மெட்டு கேட்டார். அன்று இரவே ஆலயத்தில் இருவரும் பாடிவிட்டார்கள். மோர் கித்தார் வாசித்தபடி டெனர் என்கிற மேல் ஆண்குரல், கிரூபர் பேஸ் என்கிற அடி ஆண்குரல்.

பேஸ் என்றாலே எனக்கு அப்பாதான். பாடகர் குழுவில் முப்பது வருடத்துக்கு மேல் அவர் பேஸ். 'அன்பின் அதிசயமாம்' என்ற கடைசி வரி இரண்டு தடவை வரும். முதல் தடவை மெட்டு உச்சிக்கு ஏறும், அடுத்த தடவை மெல்ல இறங்கி வந்து சேரும். அந்த இறக்கத்தில் மற்ற மூன்று குரல்களும் அப்பாவின் குரல்மேல் வந்து உட்காரும்.

அன்றைக்கு அந்த இடம் காலியாக இருந்தது. எனக்கு நன்றாகவே கேட்டது. நான் டெனர் பாடுகிறவன்தான், ஆனாலும் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி நாட்களில் இருந்தே அப்படித்தான். ஆராதனைக்குப் போவேன், எல்லோரோடும் எழுந்து நிற்பேன், ஒரு ஜெபமும் வராது.

இரண்டாவது சரணத்தில் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. அம்மா. பாடகர் குழுவில் ஒரு நாளும் சேராதவள். கதவைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் பேஸ் வரிகளை அப்படியே, அவளுக்கு எட்டுகிற உயரத்தில் பாடிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் நின்று அத்தனை வருடம் அவர் பிராக்டிஸைக் கேட்டவள் அல்லவா.

ஜெர்மன் பாட்டு அமைதி என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. ஆலயத்தில் நாம் பாடுகிற பாமாலைப் புத்தகத்தில் அந்த இடத்தில் 'ஒப்பில்லா' என்று இருக்கிறது. சின்ன வயதில் இருந்து டிரம் சத்தத்தோடே பாடியதால் எனக்கு அந்த அமைதி தெரியவே இல்லை. அன்று தெரிந்தது. ஏக மைந்தனை அனுப்பிவிட்டு நிற்கிற பிதாவையும் அன்றுதான் நினைத்துப் பார்த்தேன். என்னால் ஜெபிக்க முடியாத மாதங்களில் இந்தப் பதினைந்து பேரும் எங்கள் வீட்டுக்காக ஜெபித்திருக்கிறார்கள் என்பது சித்தப்பா ஜெபித்த விதத்திலேயே புரிந்தது. ஆண்டவர் என்னை விட்டுவிடவில்லை என்று நான் நம்பத் தொடங்கியது அந்த வாசலில்தான்.

மறு வருடமே பேஸ் பக்கம் மாறிவிட்டேன். கடைசி வரியின் அடிச்சுரம் இன்னும் முழுசாக எனக்கு எட்டவில்லை. நேற்று ராத்திரி வீட்டில் பாடிப் பார்த்தபோது அடுப்படியில் இருந்து அம்மா சொன்னாள்:

“அந்த இடத்துல அப்பா மூச்சு விட மாட்டாங்க. திரும்பப் பாடு.”